எண்ணெய் தோய்ந்த மண்ணில் வேரின் வாழ்வு

மின்சார மோட்டார் வருவதற்கு முன்னர் டீசல் எஞ்சின் வைத்து நீர் இறைத்த கிணற்று மேடுகளில், எஞ்சினைக் கழற்றி விற்றுப் பல வருஷங்கள் ஆன பின்பும், அது நின்ற இடம் இன்னதென்று எவரும் காட்டாமலே கண்டுகொள்ளலாம். சுற்றிலும் கோரையும் அறுகும் அடர்ந்து கிடக்க, நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை மாத்திரம் கறுத்து இறுகிக் கிடக்கும். அதன்மேல் ஒரு கை நீரை அள்ளித் தெளித்தால், அது மண்ணுக்குள் இறங்காமல், சேம்பிலையில் விழுந்த மழைத்துளி போல் முத்து முத்தாகத் திரண்டு நின்று, சரிவு கண்ட பக்கம் உருண்டு ஓடிவிடும். இன்னும் சற்றுக் குனிந்து நோக்கினால், ஓரத்திலிருந்து புறப்பட்ட அறுகங்கொடி ஒன்று அந்தக் கறுப்பின்மேல் ஒரு முழ தூரம் நீண்டிருப்பதும், கணுவுக்குக் கணு வேரூன்றுவது அதன் ஸ்வபாவமாயிருந்தும் இங்கே கணுக்களில் எழுந்த வேர்முனைகள் மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் பழுத்துச் சுருங்கிப் போயிருப்பதும், கறுப்புக்கு வெளியே நல்ல மண்ணில் ஊன்றி நிற்கும் தாய்வேரின் தயவிலேயே கொடி முழுவதும் பச்சையாக இருப்பதும் புலப்படும்.

எண்ணெய் படிந்த மண்ணில் தாவரங்கள் படும் பாட்டைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இன்றுவரை செய்யப்பட்டுள்ள ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்குகையில், அவற்றின் சாரம் இந்த ஒரு முழக் கொடியிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேலே பசுமை தெரிகிறது. அந்தப் பசுமைக்கும் அதன் கீழே கிடக்கும் மண்ணுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறவன் இரண்டு விதத்தில் ஏமாறுகிறான். பயிர் மஞ்சளித்தால் விஷம் ஏறிவிட்டது என்கிறான்; பெரும்பாலும் அது விஷமன்று, பசி. பயிர் பச்சை கட்டினால் மண் தேறிவிட்டது என்கிறான். பல சமயம் எண்ணெய் இரண்டடிக்குக் கீழே அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு மயக்கங்களையும் தீர்ப்பதற்கு வேரின் கதையை விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில் விஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. பென்சீன், டொலுவீன் போன்ற இலேசான பகுதிகள் காற்றுப் பட்டதும் ஆவியாகிவிடக் கூடியவை. நடுத்தரப் பகுதிகள் மாதக்கணக்கில் நின்று நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. தாரையொத்த கனத்த பகுதிகளோ தலைமுறைக் கணக்கில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கின்றன. இவற்றுள் உடனே உயிரைப் பறிப்பவை இலேசானவையே. செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி நிற்கும் மெல்லிய சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது. எண்ணெயின் இலேசான கூறுகள் கொழுப்பில் கரைவன. ஆகவே அவை அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்க, உள்ளிருக்கும் சாறு வெளியே கசிந்து அணுக்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. இலையின் நுனி முதலில் நீரில் ஊறியதுபோல் கருமை கொள்வதும், பிறகு விறைப்பு இழந்து தொங்குவதும், அந்த நேரத்தில் புல் அறுத்த வயலில் எழும் பச்சை வாசனை கிளம்புவதும் இக்காரணம் பற்றியே. அசாம் மாநிலத்தின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்னுமிடத்து எரிவாயுக் கிணறு 2020ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி வெடித்துப் பீறிட்டபோது, வாயுவோடு வெளிப்பட்ட இலேசான எண்ணெய்த்துளிகள் மகுரி-மோட்டாபுங் ஏரிக்கரைப் புல்லிலும் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் பனிபோல் படிந்து இலைகளைக் கருக்கியது இவ்வகை நாசத்துக்குச் சமீப காலத்து உதாரணம்.

எல்லாச் செடியும் இந்த விஷத்துக்கு ஒரே மாதிரி இரையாவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1940களில் அமெரிக்க விவசாயிகள், காரட் பயிரிட்ட நிலத்தில் களையெடுக்கக் கூலியாட்கள் அகப்படாத நெருக்கடியில், சலவைக்குப் பயன்படும் ஒருவகைப் பெட்ரோலியக் கரைப்பானை வயல் முழுவதும் தெளித்தார்கள். களைகள் எல்லாம் சில மணி நேரத்தில் சாய்ந்துவிட, காரட் நாற்றுகள் மாத்திரம் ஒன்றும் நேராததுபோல் நின்றன. காரட்டும், கொத்தமல்லியும், சோம்பும் சேர்ந்த குடும்பத்தினுடைய உயிரணுச் சவ்வுக்கு எண்ணெயைத் தாங்கும் ஒரு தனிச் சக்தி உண்டு. இந்தச் சிறு செய்தியை நான் இங்கே சொல்வதற்குக் காரணம், 'எண்ணெய் பட்டால் செடி சாகும்' என்ற பொது வாக்கியம் எவ்வளவு தூரம் குறைபாடுடையது என்பதைக் காட்டவே. எந்த எண்ணெய், எவ்வளவு, எந்தச் செடியின்மேல், எந்தப் பருவத்தில், இலையிலா வேரிலா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது.

இலேசான பகுதிகள் வெயிலிலும் காற்றிலும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் பறந்து போய்விடுகின்றன. அப்படியானால் அதன்பிறகும் ஏன் பயிர் வளர்வதில்லை? இங்கேதான் விஷயம் வேருக்கு வருகிறது.

நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் நீரும் காற்றும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. வேரும் நம்மைப்போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும் ஜீவனாகையால், அந்தக் காற்று அதற்கு அன்னத்தினும் அவசரமானது. எண்ணெய் மண்ணில் இறங்கியதும் முதலில் இந்த இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. அடைபடாது எஞ்சிய காற்றையும், எண்ணெயைத் தின்னப் பெருகும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் தம் சுவாசத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. பிராணவாயு தீர்ந்ததும், அது இல்லாமலே பிழைக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, மண்ணில் கரையாத நிலையில் சாதுவாகக் கிடந்த மாங்கனீசையும் இரும்பையும் கரையும் நிலைக்கு மாற்றிவிட, கந்தகம் துர்நாற்றமுள்ள சல்பைடாக மாறிவிட, வேரின் சுற்றுப்புறம் சில நாட்களிலேயே ஒரு சாக்கடையின் குணத்தை அடைகிறது. இந்த மாங்கனீசும் கந்தகமும் பெரும்பாலும் எண்ணெயில் இருந்து வந்தவை அல்ல, மண்ணிலேயே இருந்தவை. எண்ணெய் செய்ததெல்லாம் அவற்றின் கட்டை அவிழ்த்துவிட்டதுதான்.

நைஜீரியாவில் உடோ, ஃபயேமி என்ற இரு மண்ணியல் ஆராய்ச்சியாளர்கள் மக்காச்சோளத்தை வைத்துச் செய்து 1975இல் வெளியிட்ட பரிசோதனை இத்துறையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுவது. மண்ணில் 4.2 சதவிகிதம் கச்சா எண்ணெய் கலந்தபோது விதை முளைப்பு சராசரியாக 50 சதவிகிதம் குறைந்தது. விளைச்சலோ 92 சதவிகிதம் குறைந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும். விஷம்தான் முழுக் காரணம் என்றால், முளைத்துத் தப்பிய பாதிச் செடிகள் ஓரளவேனும் விளைந்திருக்க வேண்டாமா? முளைப்பதற்கு விதைக்குள்ளேயே உணவிருக்கிறது. ஈரம் மாத்திரம் கிடைத்தால் போதும். வளர்வதற்கோ மண்ணின் கொடை வேண்டும். அந்தக் கொடைதான் நின்றுபோயிற்று. மூச்சுத் திணறலும், பிராணவாயுவின் பற்றாக்குறையும், நீருக்கும் செடிக்கும் உள்ள உறவில் நேர்ந்த தடையும், சல்பைடும் மிகுதியான மாங்கனீசுமே காரணம் என்று அவ்விருவரும் முடிவு கட்டினார்கள். மண்ணில் நைட்ரேட்டும் பயிருக்குக் கிட்டும் மணிச்சத்தும் குறைந்துபோனதையும் அவர்கள் அளந்து காட்டினார்கள்.

நீரின் கதை இதைவிட விசித்திரமானது. கிணற்று மேட்டில் முத்தாய் உருண்ட நீரைச் சொன்னேனல்லவா? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் எண்ணெய் சிந்திய சில விளைநிலங்களை ஆராய்ந்தவர்கள், எண்ணெயின் வாசனைகூட இல்லாமல் உலர்ந்து பொடிப்பொடியாகிக் கிடந்த மண்ணின்மீது நீரை விட்டால் அது உள்ளே நுழைய மறுப்பதைக் கண்டார்கள். மண்துகள் ஒவ்வொன்றையும் எண்ணெயின் எச்சம் மெழுகுபோல் மெல்லியதாகப் பூசிவிட்டிருந்தது. அங்கே செடியைக் கொல்லுவதற்கு விஷம் ஏதும் தேவைப்படவில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே விதை தாகத்தால் மடிகிறது. வேர்த்தூவி என்று நாம் சொல்லும், மயிரினும் நுண்ணிய அந்த உறுப்பு, மண்துகளைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலத்தைத் தொட்டுத்தான் நீரையும் உப்பையும் உறிஞ்ச முடியும். துகளுக்கும் நீருக்கும் உறவே அற்றுப்போன இடத்தில் அது தொடுவதற்கு ஒன்றுமில்லை.

இனிப் பசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சா எண்ணெயின் எடையில் 100க்கு 83 முதல் 87 பங்கு வரை கரிப்பொருள்; தழைச்சத்தோ மிக மிகச் சொற்பம். எண்ணெயைத் தின்று பெருகும் நுண்ணுயிர்க்குத் தன் உடம்பைக் கட்டத் தழைச்சத்து இன்றியமையாதது. எண்ணெயில் அது கிடைக்காமையால், மண்ணில் பயிருக்கென்று இருந்ததை எடுத்துக்கொள்கிறது. பசுந்தாளோ மட்கோ போடாமல் வெறும் மரத்தூளையும் வைக்கோலையும் வயலில் போட்டு மடக்கி உழுதால் அடுத்த பயிர் மஞ்சளிப்பதை நம் குடியானவர்கள் அறிவார்கள். எண்ணெய் மண்ணில் நடப்பதும் அதுவே, ஆனால் பன்மடங்கு உக்கிரத்தோடு. ஆகையால் எண்ணெய் மண்ணில் வெளிறி நிற்கும் பயிரைப் பார்த்து நம்பிக்கை இழப்பதற்கு முன்பு, மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டுப் பார்ப்பதே முறை. அது பயிருக்கு மாத்திரமன்றி, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்து இடுகிற உணவு.

பயறு வகைச் செடிகள் எண்ணெய் மண்ணில் பிறவற்றினும் நன்றாகத் தாக்குப்பிடிப்பதற்கும் இதுவே காரணமாகும். தன் வேர்முண்டுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் செடி, மண்ணில் நடக்கும் அந்தப் பங்காளிச் சண்டையில் கலந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. முண்டு கட்டுகிற வரைக்கும் அது உயிர் தரித்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1919ஆம் ஆண்டிலேயே கார் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மண்ணில் சிறிதளவு கச்சா எண்ணெயைக் கலந்து சோயா மொச்சையைப் பயிரிட்டபோது, செடி முன்னைவிட நன்றாக வளர்ந்ததாகவும், அளவு மிகுந்தபோதுதான் கெட்டதாகவும் எழுதியிருக்கிறார். பிற்காலத்திலும் எண்ணெய் சிந்தி ஓரிரண்டு வருஷம் சென்ற இடங்களில் புல் சுற்றுப்புறத்தைக் காட்டிலும் கரும்பச்சையாகத் தழைத்திருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். எண்ணெய்க்கு உரகுணம் உண்டென்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. எண்ணெயைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள், தின்பதற்கு எளிதான பகுதி தீர்ந்ததும் மடிகின்றன. தம் உடம்பில் பூட்டி வைத்திருந்த தழைச்சத்தை அப்போது மண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. முதல் அதிர்ச்சியில் மடிந்த செடிகளும் புழுக்களும் மட்கிச் சத்தாகின்றன. இறந்தவற்றின் சொத்து இருப்பவற்றுக்குப் போய்ச் சேர்வதால் உண்டாகிற செழிப்பு அது. அந்தப் புல்லின் கீழே கனத்த பகுதிகள் இன்னும் கிடக்கலாம்.

பருவத்தையும் தாவரத்தின் அமைப்பையும் பற்றிய நுட்பமான ஆராய்ச்சி பிரிட்டனில் நடந்தது. 1967 மார்ச் மாதம் டோரி கேன்யன் என்ற கப்பல் கார்ன்வால் கரையருகே பாறையில் மோதிப் பிளந்து, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் பரவியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயைக் கழுவத் தெளித்த கரைப்பான்கள் எண்ணெயைக் காட்டிலும் அதிகக் கேடு விளைவித்தன என்பது பின்னால் தெரிந்தது. இந்தக் காலத்தில் ஜெனிஃபர் பேக்கர் என்ற தாவரவியல் அம்மையார் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையின் உப்புச் சதுப்புகளில், ஒரே இடத்தில் மாதந்தோறும் எண்ணெயைத் தெளித்துச் செடிகளின் போக்கைக் குறித்து வந்தார். எண்ணெய் தாவரங்களைப் பாதிக்கும் விதங்களைப் பற்றி 1970இல் அவர் தொகுத்தளித்த கட்டுரை இத்துறைக்கு இன்றும் மூலநூல் போன்றது. ஒரு முறை எண்ணெய் பட்டுக் கருகிய புல், தரைக்கடியில் சேமிப்புள்ள பல்லாண்டுச் செடியாயின், அடுத்த பருவத்தில் புதுத் தளிர் விட்டது. ஓராண்டுச் செடிகள் பூக்கும் தருணத்தில் எண்ணெய் பட்டால் விதையின்றி அற்றுப்போயின. 4 முறை வரை பொறுத்துக்கொண்ட பெரும்பாலான செடிகள், 8 முறை, 12 முறை என்று போகவே நிலைகுலைந்தன. அந்தப் பொறுமைக்கு ஆதாரம் எது? இலை கருகக் கருகக் கிழங்கிலும் வேரிலும் உள்ள சேமிப்பைச் செலவிட்டுச் செடி மறுபடி மறுபடி தளிர்க்கிறது. சேமிப்புத் தீர்ந்த அன்று அது சாகிறது. பெரிய விபத்துகளுக்குப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக இடம் ஒதுக்குகின்றன. குழாய் மூட்டில் நாள்தோறும் சொட்டும் சிறு கசிவை யாரும் எழுதுவதில்லை. செடியின் கணக்கில் இரண்டாவதே கொடியது.

வேர் செத்தால் செடியோடு நிலமும் போகிறது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்துப் பரவிய எண்ணெய் லூசியானாவின் சதுப்புப் புல்வெளிகளின் விளிம்பில் ஏறியபோது, ஸ்பார்டினா என்ற புல் இலேசாகப் பட்ட இடங்களில் மீண்டும் தலையெடுத்தது. அதன் அண்டை வீட்டுக்காரனாகிய ஜங்கஸ் என்ற கோரையொத்த செடி அவ்வாறு தேறவில்லை. இரண்டும் முழுக்க மடிந்த விளிம்புகளில், சேற்றைப் பின்னிப் பிடித்திருந்த வேர்வலை இற்றுப்போகவே, அலை அரிக்கும் வேகம் இரு மடங்குக்கு மேலாயிற்று. கடலுக்குள் போன அந்தத் தரையில் இனிப் புல் முளைக்க வழியில்லை.

கண்டல் காடுகளின் விஷயத்தைச் சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சேற்றில் காற்றில்லாமையால், அலையாத்தி தன் வேர்களை ஆணிகள்போல் மேல்நோக்கி நிறுத்தி அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியே சுவாசிக்கிறது. சுரபுன்னை தன் முட்டுவேர்களில் உள்ள துளைகளால் அதே காரியத்தைச் செய்கிறது. அலையோடு வரும் எண்ணெய், நீர் இறங்கும்போது இந்த வேர்களின்மேல் கோட்டுக் கோட்டாகப் படிந்து துளைகளை அடைத்துவிடுகிறது. விருட்சம் உடனே சாய்வதில்லை. வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பிறகு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கிறது. பனாமா நாட்டின் பாஹியா லாஸ் மினாஸ் பகுதியில் 1986ஆம் ஆண்டு எண்ணெய்த் தொட்டி ஒன்று உடைந்து சுரபுன்னைக் காடுகள் மடிந்தபோது, சேற்றுக்குள் புகுந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே கசிந்துகொண்டிருந்தது. முழுதும் தெளிய 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்று ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள்.

சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஒரு சாணுக்கு நீண்ட பச்சை முருங்கைக்காய்போல் தொங்கி, பின்னர் சேற்றில் விழுந்து ஊன்றும் இயல்புடையது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1990களின் தொடக்கத்தில் கிளெக்கோவ்ஸ்கியும் அவருடைய துணைவர்களும் எண்ணெய் தங்கிய கழிமுகங்களில் இந்த மரங்களை ஒவ்வொன்றாக நோட்டமிட்டபோது, சில மரங்களில் பச்சை நாற்றுகளுக்கு நடுவே பச்சையமே இல்லாமல் வெளிறிய நாற்றுகளும் தொங்குவதைக் கண்டார்கள். தாயின் கிளையில் தொங்கும்வரை தாயின் சாற்றால் அவை கொழுகொழுவென்று வளர்கின்றன. கீழே விழுந்து சேற்றில் ஊன்றியதும், தமக்கென உணவு சமைக்க வகையின்றி, கொண்டுவந்த சேமிப்புத் தீர்ந்ததும் மடிகின்றன. தாய்மரத்தின் மரபணுவில் நேர்ந்த பிறழ்வு ஒன்று தாயிடம் மறைந்திருந்து பிள்ளைகளில் வெளிப்படும் வகை இது. சேற்றில் எண்ணெயின் பலவளைய அரோமாட்டிக் சேர்மங்கள் எவ்வளவு கூடுதலாக இருந்தனவோ அவ்வளவுக்கு இத்தகைய மரங்களும் கூடுதலாக இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உறுதியாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இச்சேர்மங்களுள் சில மரபணுவைச் சிதைப்பவை என்பது வேறு வழிகளால் நிரூபணமானதே. இலையைப் பார்த்தால் அந்தத் தாய்மரம் பூரண ஆரோக்கியத்தோடு பச்சைப்பசேலென்று நிற்கிறது.

இவ்வளவு தூரம் எண்ணெய் வேருக்குச் செய்வதைச் சொன்னேன். வேர் எண்ணெய்க்குச் செய்வதும் ஒன்று உண்டு.

1991ஆம் ஆண்டுப் போரில் குவைத்தின் அறுநூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் கொளுத்தப்பட்டு, எரியாமல் வழிந்த எண்ணெய் பாலைவனத்தின் பள்ளங்களில் ஏரி ஏரியாகத் தேங்கிற்று. சில வருஷங்களுக்குள், அந்த ஏரிகளின் ஓரத்தில், எண்ணெயில் ஊறிய மணலிலேயே, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செனெசியோ என்னும் மஞ்சள் பூச்செடி முளைத்து நிற்பதைக் குவைத் பல்கலைக்கழகத்தின் சமீர் ரத்வானும் அவர் துணைவர்களும் கண்டார்கள். செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது ஆச்சரியம் காத்திருந்தது: சுற்றிலும் மணல் கறுத்திருக்க, வேர் மாத்திரம் வெள்ளை வெளேரென்று இருந்தது, வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த மணலும் வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளை மணலில், எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் திரள் திரளாகக் குடியிருந்தன. 1995இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரே பக்க அளவில் வெளிவந்த அந்தச் செய்தி, எண்ணெய் மண்ணை ஆராய்கிறவர்களின் பார்வையையே திருப்பிவிட்டது.

இதன் சூட்சுமம் வேர்மண்டலம் என்ற கருத்தில் இருக்கிறது. ஜெர்மானியராகிய ஹில்ட்னர் 1904இல் அதற்குப் பெயரிட்டார். செடி தான் சமைத்த சர்க்கரையிலும் அமிலங்களிலும் ஒரு கணிசமான பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அந்த அன்னதானத்துக்குக் கூடும் நுண்ணுயிர்க் கூட்டம் வெற்று மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. வேர் இறங்கிய வழியெல்லாம் மண் பிளந்து காற்றும் நீரும் உள்ளே போகின்றன. எண்ணெயைச் சிதைக்கும் வேலையை நுண்ணுயிர் செய்கிறது; அது வேலை செய்வதற்கு வேண்டிய வீட்டையும் உணவையும் காற்றையும் வேர் கொடுக்கிறது. சல்லிவேர்ப் புற்கள் இந்தக் காரியத்தில் மரங்களைவிடச் சிறந்தவையென்று கண்டிருப்பதற்குக் காரணமும் வெளிப்படை: ஒரே ஆழத்துக்குள் அவற்றின் வேர்ப்பரப்பு மிகப் பெரிது. நம் அறுகும் வெட்டிவேரும் இவ்வகைப் பரிசோதனைகளில் பல நாடுகளிலும் நல்ல பெயர் வாங்கியிருக்கின்றன.

ஆயினும் இந்த நற்செய்தியைப் பிடித்துக்கொண்டு, 'புல்லை நட்டால் போதும், மண் தானே சுத்தமாகிவிடும்' என்று சொல்லுகிற ஒரு சோம்பலான நம்பிக்கை பரவியிருப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். வேர் போகும் ஆழத்துக்குத்தான் வேரின் வைத்தியம். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் ஓகோனி மக்கள் வாழும் நாட்டை ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் தோண்டிச் சோதித்து 2011இல் வெளியிட்ட அறிக்கையைப் படிப்பவர் இதை ஒருபோதும் மறக்க மாட்டார். மேலே மாசு ஏதும் தெரியாத நிலங்கள் கீழே எண்ணெயில் ஊறியிருந்தன. 49 இடங்களில் ஐந்து மீட்டர் ஆழத்திலும், அதற்குக் கீழும் எண்ணெய் இருந்தது. துப்புரவு முடிந்துவிட்டதென்று கணக்கெழுதப்பட்ட 15 இடங்களைச் சோதித்ததில் 10 இடங்கள் விதிக்கப்பட்ட அளவைத் தாண்டியே இருந்தன. எஜாமா-எபுபு என்ற இடத்தில் 40 ஆண்டுகளுக்கு முன் சிந்திய எண்ணெய் இன்னும் கனமாகக் கிடந்தது. அங்கே அதுவரை கையாளப்பட்ட முறை, மேல்மண்ணைக் கிளறி, உரமிட்டு, வரப்பாகக் குவித்து ஆறவிடுவது. மேலே ஒரு முழ மண்ணுக்கு அது நல்ல சிகிச்சையே. மழை மிகுந்த நாட்டில், எண்ணெய் அந்த முழத்துக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கவில்லை. ஓகோனி நாட்டை மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்று அவ்வறிக்கை சொல்லியது. மரவள்ளியும் பிற கிழங்குகளும் பயிரிட்டு உண்டு, அம்மண்ணின் கிணற்று நீரையே குடித்து வாழும் ஜனங்களின் ஒரு தலைமுறைக் காலம் அது.

விளைந்த பொருளில் எண்ணெய் ஏறுமா என்பது உண்பவர் கேட்கும் நியாயமான கேள்வி. இலேசான சேர்மங்கள் வேர் வழியே நீரோடு மேலேறக் கூடியவை; ஆனால் அவை இலை வழியே பறந்தும் போகின்றன. பலவளைய அரோமாட்டிக் சேர்மங்கள் நீரை வெறுப்பவையாதலால் வேரின் புறத்தோலிலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன. காரட்டில் சோதித்தபோது அவை தோலிலேயே மிகுந்திருந்தன. தானியத்தைவிடக் கிழங்கிலும், கிழங்கில் சதையைவிடத் தோலிலும் அச்சம் அதிகம் என்று கொள்வது பொருந்தும்.

நெல்லின் நிலை தனிப்பட்டது. காற்றில்லாச் சேற்றில் வாழப் பழகிய நெல், தண்டிலுள்ள காற்றுக்குழல்கள் வழியே வேருக்கு மூச்சை அனுப்புகிறது. ஆகையால் மக்காச்சோளம் திணறும் இடத்தில் அது சற்றுத் தாங்கும். கூண்டுப்புழு விழுந்த வயலில், நிற்கும் நீரில் சிறிது மண்ணெண்ணெயை ஊற்றி, பயிரின்மேல் கயிற்றை இழுத்துப் புழுக்கூடுகளை நீரில் தள்ளி, பின்பு நீரை வடித்துவிடுவது நம் குடியானவர்கள் அறிந்த முறை. பயிர் அதைத் தாங்குகிறது. ஏனெனில் எண்ணெய் சொற்பம், அது நீரின் மேல்பரப்பில் மிதக்கிறது, உடனே நீரோடு போய்விடுகிறது, சேற்றுக்குள் இருக்கும் வேரை அது தொடுவதே இல்லை. தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ஆம் தேதி நிலத்தடிக் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியபோது நேர்ந்ததோ இதற்கு முற்றும் வேறானது. எண்ணெய் கீழிருந்து வந்தது; வேரைத் தொட்ட பின்னரே கண்ணில் பட்டது. காவிரிக் கழிமுகம் 2020இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் புதிய கிணறுகளைத் தடுக்கும் அச்சட்டம் முன்பே இயங்கிவந்தவற்றை நிறுத்திவிடவில்லை. வண்டல் மண்ணின் கீழே பழைய குழாய்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கசிவு நேர்ந்த வயலில், கறுத்த மண்ணை வழித்தெடுத்துப் புது மண் கொட்டி, அடுத்த பட்டத்தில் பயிர் பச்சையாக நிற்பதைக் காட்டி, நிலம் சரியாகிவிட்டதென்று கணக்கு முடித்துவிடலாகாது. மேலே கொட்டிய ஒரு முழ மண்ணில் எந்தப் பயிரும் ஒரு பட்டத்துக்குப் பச்சையாகத்தான் நிற்கும். நிலத்துக்குரியவர் கேட்க வேண்டியது வேறு: ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், அதற்குக் கீழும் அடுக்கடுக்காக மண் எடுத்துச் சோதித்த அளவுகள் எங்கே, அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் சோதிக்கப்போவது யார், நிலத்தடி நீரின் நிலை என்ன? இவற்றுக்கு விடை வரும்வரை, அவர் தம் கையாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறுவடைக்குச் சில நாள் முன்பு, நீரை வடித்து, வயலின் நடுவில் ஒரு குத்து நெல்லை மண்வெட்டியால் ஆழத் தோண்டி, கட்டி சிதையாமல் தூக்கி, வாய்க்கால் நீரில் மெல்ல அலசிப் பார்க்க வேண்டும். நலமுள்ள நெல்லின் வேர், தான் கொண்டுவந்த காற்றால் இரும்பைத் துருவாக்கிச் செம்பழுப்புப் பூச்சோடு கீழ்நோக்கி நீண்டிருக்கும். அது ஓரிடத்தில் சட்டென்று கறுத்து, பக்கவாட்டில் திரும்பி, அதற்குக் கீழே போக மறுத்திருந்தால், எத்தனை விரற்கடை ஆழத்தில் திரும்பிற்று என்பதை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.